மழையில் பெயின்ட் கோடு ஏன் வழுக்குகிறது?

வெயில் நாளில் பாலத்து வெள்ளைக்கோட்டின் மேல் சைக்கிள் ஏறினால் ஒரு வித்தியாசமும் தெரியாது. லேசாகத் தூறினால் போதும், அதே கோடு ஆளைக் கீழே தள்ளிவிடும். டயர் தண்ணீரில் மிதப்பதால்தான் இப்படி என்று பலர் நினைக்கிறார்கள். கார் வேகமாகப் போகும்போது அது நடக்கும். சைக்கிளுக்கு வாய்ப்பே இல்லை. மிதக்கத் தேவைப்படும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 60 பி.எஸ்.ஐ. காற்றடித்த டயருக்கு அது மணிக்குச் சுமார் 130 கி.மீ. ஆகிறது!

காரணம் தரையில் இருக்கிறது. தார்ச்சாலையில் இரண்டு வகைச் சொரசொரப்பு உண்டு. ஜல்லிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் தண்ணீரை வடிக்கும். ஒவ்வொரு ஜல்லியின் முகத்திலும் அரை மி.மீ.க்கும் குறைவான நுண்ணிய முனைகள் இருக்கும். வடிந்தபின் எஞ்சும் மெல்லிய நீர்ப்படலத்தைக் கிழித்து ரப்பரைத் தொடுபவை இவைதான். பெயின்ட் முதலில் மூடுவது இந்த முனைகளை. 200 டிகிரி செல்சியஸை ஒட்டி உருக்கி, 2 முதல் 3 மி.மீ. கனத்தில் இழுக்கும் தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் இளகி, ஆறினால் இறுகும் பூச்சு) ஜல்லி இடைவெளிகளையும் நிரப்பிவிடுகிறது. இரவில் ஒளி திருப்ப அதில் தூவும் கண்ணாடி மணிகள் உருண்டையானவை, பிடிப்புக்கு உதவாது. பழைய கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் பூசினால் கனம் கூடி, ஓரத்தில் தண்ணீரும் தேங்கும்.

கோட்டின் அகலம் முக்கியம். மணிக்கு 18 கி.மீ. என்றால் நொடிக்கு 5 மீட்டர். 15 செ.மீ. கோட்டை டயர் 0.03 நொடியில் கடந்துவிடும். சறுக்கத் தொடங்கினாலும் உடனே தார் கிடைக்கும். முழுக்க வண்ணம் பூசிய 3 மீட்டர் பட்டையில் அந்த நேரம் 0.6 நொடி. விழுவதற்கு அது தாராளம். சைக்கிள் தடம் முழுவதையும் வழவழப்பான பெயின்ட்டால் நிரப்புவது, பாதுகாப்பின் பெயரால் செய்யும் தவறு.

அதே வேகத்தில் 8 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்ப 0.32 உராய்வுக் குணகம் (தரை தரும் பிடிப்பின் அளவு) வேண்டும். சைக்கிள் சுமார் 18 டிகிரி சாயும். உலர்ந்த தார் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தரும். ஈரப் பெயின்ட்டில் குணகம் 0.25க்கு இறங்கினால் 16 கி.மீ.க்கு மேல் அந்த வளைவில் நிற்க முடியாது. திரும்பும்போதே பிரேக்கும் பிடித்தால் இருக்கும் பிடிப்பை இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளும். பின்சக்கரம் சறுக்கினால் சமாளிக்கலாம்; முன்சக்கரம் போனால் பெரும்பாலும் விழுந்தாக வேண்டியதுதான்.

பாலத்தில் இது கூடுதல் சிக்கல். இறக்கம் முடியும் இடத்திலேயே திருப்பமும் நிறுத்தக்கோடும் வந்து சேரும். பாலத்தளம் மேலும் கீழும் காற்றுபட்டுக் குளிர்வதால், அணுகுசாலை காய்ந்திருக்கும் அதிகாலையிலும் இங்கே பனிநீர் படியலாம். வெயிலில் பாலம் விரிய இடம்விட்டுப் பொருத்தும் இரும்பு விரிவிணைப்புகளும் பெயின்ட்டைப் போலவே வழுக்கும்.

சரிசெய்யும் வழி பழையதுதான்: பூச்சு சூடாக இருக்கும்போதே முனையுள்ள குவார்ட்ஸ் அல்லது உடைத்த கண்ணாடித் துகளைத் தூவுவது. தூவும் நேரம் பிசகினால் வேலை கெட்டது. பூச்சு ரொம்ப இளகியிருந்தால் துகள் அமிழ்ந்துவிடும். ஆறியபின் தூவினால் ஒட்டாமல் உதிரும். பாதி புதைந்து பாதி வெளியே நிற்க வேண்டும். முழுத் தடத்துக்கும் நிறம் வேண்டுமென்றால் எப்பாக்சி பிசின் மேல் 1 முதல் 3 மி.மீ. சுட்ட பாக்சைட் துகள் போடலாம். கனம் குறைவு என்பதால் பாலத்துக்குப் பாரமும் இல்லை.

வழுக்கலைச் சோதிக்க ஊசல் கருவி இருக்கிறது. ஆடும் ஊசலின் நுனியில் உள்ள ரப்பர் துண்டு நனைத்த பரப்பில் சுமார் 12.5 செ.மீ. உரசிச் செல்லும், எவ்வளவு ஆற்றல் இழக்கிறதோ அவ்வளவு அதிக எண் காட்டும். சாலைக் குறியீடுகளுக்கான ஐரோப்பிய நியமம் ஈ.என். 1436, எஸ்1 வகுப்புக்கு 45 என்றும் எஸ்5 வகுப்புக்கு 65 என்றும் குறைந்தபட்சம் வைத்திருக்கிறது. போட்ட அன்றைக்கு மட்டும் அளந்து கையெழுத்துப் போடுவதில் பயனில்லை. சக்கரம் ஓடி ஓடித் துகள் மழுங்கும் தடத்தில், சில மாதம் கழித்தும் அளக்க வேண்டும்.

ஓட்டுபவர் பிரேக்கைக் கோட்டுக்கு முன்பே பிடித்து, கோட்டின் மேல் சைக்கிளை நிமிர்த்தி, கைப்பிடியைத் திருப்பாமல் உருளவிட வேண்டும். விரிவிணைப்பை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் மெல்லிய டயர் இடுக்கில் சிக்கும். நெடுநாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் தூறலில், தூசியும் எண்ணெயும் குழைந்திருக்கும்போது, வேகத்தை இன்னும் குறைக்கலாம்.