குதிரை பாதையான கதை

போர்த்துக்கீசிய மொழியில் ஒற்றையடிப் பாதைக்கு 'வெரேடா' என்று ஒரு சொல் உண்டு. அதன் வேரைத் தோண்டிக்கொண்டே போனால், அடியில் நிற்பது ஒரு குதிரை.

ரோமப் பேரரசில் அரசுத் தபாலைச் சுமந்து ஓடிய குதிரைக்கு லத்தீனில் 'வெரேடுஸ்' என்று பெயர். அதுவும் ரோமர்களின் சொந்தச் சொல் இல்லை; இன்றைய பிரான்ஸ் பக்கம் கெல்டிக் மொழி பேசியவர்களிடம் வாங்கிய கடன். குதிரையின் பெயர் அது போகும் தடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நமக்கு இது புதிதா என்ன? 'வெற்றிலை நட்டான்' என்கிறோம், நட்டதென்னவோ கொடியைத்தான். ஆகுபெயர்.

இதே குதிரை ஜெர்மனிக்கும் போனது. 'பக்கத்தில்' என்று பொருள்படும் கிரேக்க 'பாரா' முன்னால் சேர்ந்து 'பாராவெரேடுஸ்', அதாவது உபரிக் குதிரை. அது தேய்ந்து தேய்ந்து 'ஃபேர்ட்' ஆனது. ஜெர்மன்காரர்களுக்குக் குதிரை என்றால் இன்றும் அதுதான்.

போர்ச்சுகலின் மதெய்ரா தீவில் வெரேடா என்றால் மலையேறிகள் நடக்கும் பாதை. 1,818 மீட்டர் உயர அரியெய்ரோ சிகரத்திலிருந்து 1,862 மீட்டர் உயர ருய்வோ சிகரத்துக்குப் போகும் தடத்துக்கு 'வெரேடா டோ அரியெய்ரோ' என்றே பெயர்.

பிரேசிலுக்குப் போனதும்தான் சொல் ஈரமாகிவிட்டது. அங்கே செராடோ என்ற பரந்த புல்வெளி மேட்டுநிலத்தில் வருஷத்தில் பல மாதங்கள் மழை கிடையாது. மழைக்காலத்தில் மண்ணுக்குள் இறங்கிய நீர், கீழே இறங்க வழி கொடுக்காத அடுக்கில் முட்டி, பக்கவாட்டில் நகர்ந்து பள்ளத்தில் மெல்லக் கசிகிறது. அங்கே மழையில்லாத மாதங்களிலும் கால் வைத்தால் புதையும் கறுப்புச் சேறு. அதன் நடுவே புரிட்டி என்ற உயரமான பனை, விசிறி ஓலைகளோடு வரிசை கட்டி நிற்கும். காய்ந்த புல்வெளியின் குறுக்கே பச்சையாக ஒரு நீளக் கோடு. அந்தச் சதுப்புக்குத்தான் அங்கே வெரேடா என்று பெயர். பல ஆறுகள் இப்படிப்பட்ட கசிவுகளில்தான் பிறக்கின்றன.

2012ஆம் ஆண்டு பிரேசில் வனச் சட்டத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. வெரேடாவை ஒட்டிக் குறைந்தது 50 மீட்டர் நிலத்தைப் பாதுகாக்க வேண்டும். அளவெடுப்பது, எப்போதும் ஊறிக் கிடக்கும் சேற்றின் விளிம்பிலிருந்து.