குடலும் சிறுநீர்ப்பையும் ஒட்டிக்கொண்டால்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவருக்குச் சிறுநீரோடு காற்றும் குமிழ் குமிழாக வந்தால் அதை வீட்டில்கூட வாய் திறந்து சொல்லமாட்டார். கிளினிக்கில் நீர்க்கடுப்பு என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொள்வார். கொஞ்ச நாள் சரியாகும், அப்புறம் மறுபடி வரும். தயவுசெய்து அந்தக் காற்றைப் பற்றியும் சொல்லுங்கள். குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே வழி விழுந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி குறைவு. இதுதான் ஃபிஸ்டுலா.

வயதாக ஆகப் பெருங்குடல் சுவரில் சின்னப் பைகள் புடைப்பதுண்டு. அதில் ஒன்று சீழ் பிடித்து, பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையோடு ஒட்டி, அதன் சுவரையும் அரித்துவிடும். பெண்களுக்கு நடுவில் கர்ப்பப்பை தடுப்பாக இருப்பதால் ஆண்களுக்கே இது அதிகம். குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாக்கும் குரோன் நோயாலும் வரலாம். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். சிறுநீர்ப்பைக்குள் காற்று தெரியும். குடலுக்குள் கேமரா விட்டு, புற்றுநோய் இல்லை என்று பார்த்த பிறகே அறுவைப் பேச்சு.

வயிற்றை நீளமாகக் கீறித் திறந்தாலும், சின்னத் துளைகள் போட்டு (லேப்பரோஸ்கோப்பி) செய்தாலும் உள்ளே செய்வது ஒரே வேலை. கெட்டுப்போன குடல் பகுதியைப் பிரித்து வெட்டி எடுத்து, நல்ல முனைகள் இரண்டையும் இணைப்பார்கள். சிறுநீர்ப்பையின் ஓட்டை பெரும்பாலும் சிறியது. தேவைப்பட்டால் தையல், பிறகு ஒரு வாரம் பத்து நாள் குழாய் வழியாகச் சிறுநீரை வடியவிட்டால் ஆறிவிடும்.

துளை முறையில் கரியமில வாயுவால் வயிற்றை உப்பச்செய்து, 5 முதல் 12 மில்லிமீட்டர் துளைகளில் கேமராவும் கருவிகளும் போகும். வெட்டிய குடலை வெளியே எடுக்க, சில சென்டிமீட்டர் கீறல் எப்படியும் உண்டு. நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் வலி குறைவு, குடல் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கும், காயத்தில் சீழ் வைப்பதும் குறைவு. நீளக் கீறலில் பின்னாளில் குடலிறக்கம் வரும் வாய்ப்பு அதிகம். செம்பனைக் குலை தூக்கிப் பிழைப்பவருக்கு என் கணக்கில் இதுதான் பெரிய விஷயம்.

சிக்கல் எங்கே என்றால், பழைய சீழால் எல்லாம் கெட்டியாக ஒட்டிக் கிடக்கும். திறந்த அறுவையில் டாக்டர் ஆரஞ்சுச் சுளையைப் பிரிப்பதுபோல் விரலால் தடவித் தடவிப் பிரிக்கலாம். துளை முறையில் அந்தத் தொடு உணர்ச்சி கிடைக்காது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் அந்த ஒட்டலுக்குள் மறைந்திருந்தால் காயப்படலாம். அதனால் துளையில் ஆரம்பித்துப் பாதியில் திறப்பது, மற்றக் குடல் அறுவைகளைவிட ஃபிஸ்டுலாவில் அதிகம். அப்படித் திறந்துவிட்டால் டாக்டருக்குக் கைவரவில்லை என்று குடும்பத்தார் நினைக்கவேண்டாம். சரியான நேரத்தில் திறப்பதும் திறமைதான்.

இணைத்த இடம் கசியும் ஆபத்து இரண்டு முறையிலும் உண்டு. திசு மோசமாக இருந்தால் கொஞ்ச காலத்துக்குக் குடலை வயிற்றின் மேல் திறந்துவிட்டு, மலம் சேர வெளியே ஒரு பை மாட்டி, பிறகு இன்னொரு அறுவையில் அந்த வழியை மூடுவார்கள். கையெழுத்துப் போடுமுன் அதையும் கேட்டுவையுங்கள்.