பெயரை உரக்கக் கூப்பிடாதீர்கள்

மைக்கைப் பிடித்து அவருடைய பெயரைப் படித்தது நான்தான். பெயர், தகப்பனார் பெயர், தெரு, மூன்றையும். சேலம் அம்மாபேட்டைப் பக்கத்து நெசவாளர், அறுபதைத் தாண்டியவர். எங்கள் உணவு வங்கியில் இலவச அரிசி வாங்கும் வரிசையில் ஏழாவதாக நின்றிருந்தார். பெயர் ஒலித்ததும் முன்னால் வருவார் என்று பார்த்தால், மடித்து வைத்திருந்த கட்டைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். கேட்கவில்லை போலிருக்கிறது என்று இரண்டாம் முறையும் கூப்பிட்டேன், இன்னும் உரக்க.

காரணம் பத்து நாள் கழித்து அவருடைய மனைவி வந்து சொல்லித்தான் தெரிந்தது. மகளுக்குப் பேசி முடித்திருந்த இடம். சம்பந்தியம்மாளின் தங்கை அந்த நேரம் பார்த்து எதிர்க்கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாராம். "அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை, மேடம். ஆனால் இவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை" என்றார். பத்து கிலோ அரிசி கொடுக்கப் போய் ஒருவருடைய சோற்றை நிறுத்தியிருக்கிறேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மைக் மட்டும் அப்படியே உண்மை.)

சமூகப் பணி படித்துவிட்டு மனநல ஆலோசனையில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். சேலத்தில் ஒரு சிறிய உணவு வங்கிக்கு வாரம் ஒரு நாள் போகிறேன். உணவு வங்கி என்ற ஏற்பாடு 1967-இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் தொடங்கியது. கடைகளில் மிஞ்சிப் பாழாகும் உணவைத் திரட்டி இல்லாதவர்களுக்குக் கொடுப்பதுதான் அதன் அடிப்படை. உதவி கேட்டு வருபவரின் மனக்காயத்தை அறிந்து நடந்துகொள்வது என்ற சிந்தனை அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அங்கேயே இந்தத் துறைக்குள் வந்தது. பாதுகாப்பு, நம்பிக்கை, தானே தேர்ந்தெடுக்கும் உரிமை என்று அதன் கொள்கைகளை அடுக்குவார்கள். பயிற்சி வகுப்பில் அவற்றை நான் மனப்பாடமாகச் சொல்வேன். மைக்கைப் பிடித்த அன்று அவற்றில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

பசி வயிற்றோடு நிற்பதில்லை. 1944–45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்கள் சிடுசிடுத்தார்கள், தட்டை நக்கினார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைத்தார்கள், எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள். சோதனை எந்தத் தேதியில் முடியும் என்று தெரிந்தவர்களுக்கே இந்த நிலை. அடுத்த மாதம் தறிக்குப் பாவு நூல் கிடைக்குமா, பட்டறையில் வேலை இருக்குமா என்று தெரியாதவர், முன்னால் நிற்பவரை இடித்துக்கொண்டு வந்தால் அதை ஒழுங்கீனம் என்று நாம் எழுதி வைக்கிறோம். பிஸ்கட் பாக்கெட்டை முந்தானைக்குள் செருகிக்கொண்ட ஒரு பெண்ணைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக எங்கள் தன்னார்வலர் ஒருவர் பெருமையோடு வந்து சொன்னார். அது இலவசமாகக் கொடுப்பதற்காக அங்கே வைத்திருந்த பாக்கெட். களவு எங்கே வந்தது?

உண்மையிலேயே இல்லாதவர்தானா என்று சோதித்துப் பார்க்கும் ஆசை புதிதல்ல. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு சொல்லி மாளாது. நிவாரண வேலை வேண்டுமென்றால் வீட்டை விட்டுப் பல மைல் தள்ளியிருக்கும் முகாமுக்கு நடந்து போக வேண்டும் என்று அன்றைக்கு விதி செய்தார்கள். நடந்து வந்தால்தான் நிஜமான பசி என்பது கணக்கு. நாங்கள் யாரையும் மைல் கணக்கில் நடக்க வைக்கவில்லைதான். ஆதார் நகல், வருமானச் சான்று, 'உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார்', 'மகன் பார்த்துக்கொள்வதில்லையா' என்று கேட்டோம். பிரிந்து வாழும் பெண்ணிடம் வீட்டுக்காரரைப் பற்றிய கேள்வியை ஒரு பிளாஸ்டிக் மேசைக்கு முன்னால், பின்னால் இருபது பேர் நிற்க, கேட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் ரேஷன் கடையைப் பாராட்டியாக வேண்டும். நம் மாநிலத்தில் அது ஏழைக்கு மட்டுமான கடை அல்ல. அரிசியை எடுக்காத வாத்தியார் வீட்டிலிருந்தும் சர்க்கரைக்கு ஆள் வருகிறது. எல்லோரும் நிற்கிற வரிசையில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. எங்களிடம் வருபவர்கள் அந்த வரிசையிலும் விடுபட்டவர்கள். கணவரின் அட்டையில் பெயர் மாட்டிக்கொண்டிருக்கும் பெண், அட்டையே இல்லாமல் வெளிமாநிலத்திலிருந்து சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலைக்கு வந்த குடும்பம், கொலுசுப் பட்டறையில் மெருகு போட்டுப் போட்டு விரல்ரேகை தேய்ந்து போனவர்.

பந்தி வஞ்சனை கூடாது என்பது நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லாத பாடம். அதனால் எல்லோருக்கும் ஒரே பை, ஒரே அளவு என்று வைத்திருந்தோம், அதுதான் நியாயம் என்றும் நம்பினோம். ஆனால் நல்ல பரிமாறுகிறவர் வாளியைப் பார்ப்பதில்லை, இலையைப் பார்க்கிறார். பீகாரிலிருந்து வந்த குடும்பம் ஆட்டா கேட்டது, நாங்கள் இட்லி அரிசி கொடுத்தோம். சர்க்கரை நோயாளிக்கு இரண்டு கிலோ சர்க்கரை. பஸ் நிலையத்தில் படுக்கிறவருக்கு அடுப்பில்லாமல் பச்சரிசி. ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு பாட்டி வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவர், பையைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், பாதி அரிசியைத் திருப்பிக் கொட்டச் சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கினால் மேட்டில் நடக்க வேண்டுமாம். அவருக்கு வேண்டியிருந்தது ராகி மாவும் நல்லெண்ணெயும். எங்கள் பையில் இரண்டும் இல்லை.

இப்போது மூன்று காரியங்கள் மாறியிருக்கின்றன. மைக் போய்விட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் சொல்லிவிடுகிறோம், டோக்கனில் எண் மட்டும். பை கட்டுவதை நிறுத்திவிட்டு மளிகைக் கடை போல அலமாரியில் அடுக்கியிருக்கிறோம், வருகிறவர் கூடையை எடுத்துக்கொண்டு தாமே பொறுக்கிக்கொள்கிறார். ஆளுக்கு ஆள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தோம். முதல் இரண்டு வாரம் அப்படித்தான் நடந்தது. அடுத்த வாரமும் அலமாரி நிறைந்திருக்கும் என்று கண்ட பிறகு பலர் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். எல்லோரும் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது, படம் எடுப்பதில்லை. இதில் ஒரு நன்கொடையாளரை இழந்தோம். பெயர்ப் பதாகையைப் பிடித்துக்கொண்டு பயனாளிகள் நிற்கும் படம் இல்லாவிட்டால் அரிசி இல்லை என்றார். இரண்டு மாதம் திண்டாடினோம், செவ்வாய்ப்பேட்டையில் கடன் சொல்லி மூட்டை எடுத்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இது எந்தக் கொள்கை ஏட்டிலும் இல்லை. வரிசை நகரும்போதே தன்னார்வலர்களுக்கு எங்கள் ஊர்த் தின்பண்டமான தட்டுவடை செட் வரும். நின்றபடியே, வரிசைக்கு எதிரிலேயே, சாப்பிடுவோம். ஒரு சிறுவன் என் கையிலிருந்து வாய்க்குப் போகிற தட்டுவடையையே கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்ததை நான் கவனித்தது எத்தனையாவது வாரம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இப்போது எல்லோருக்கும் சேர்த்தே வாங்குகிறோம், முடியாத வாரம் யாருக்கும் இல்லை.

அந்த நெசவாளர் திரும்பி வரவில்லை. அவருடைய மனைவி வருகிறார், கூட்டம் குறைந்த மதிய நேரத்தில்.

வாராவாரம் மூன்று பாக்கெட் உப்பு எடுக்கும் ஒரு பெண் இருக்கிறார். அரிசியைக்கூட அளவாகத்தான் எடுப்பார், உப்பு மட்டும் மூன்று. இத்தனை எதற்கு என்று கேட்கட்டுமா என்று புதிதாகச் சேர்ந்த பையன் என் காதருகே வந்து கேட்டான். வேண்டாம் என்றேன். அடுத்த வாரச் சாமான் பட்டியலில் உப்பு பத்து பாக்கெட் கூடுதலாக எழுதியிருக்கிறேன்.