நுண்ணோக்கியில் தெரியும் ஊக்கு

ஐப்பசி அடைமழை. மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இருபது நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மாச்சி மதுரைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "டாக்டரம்மா, நேத்திலருந்து பாலே குடிக்கல. துவண்டு கெடக்கு." காய்ச்சல்கூட இல்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது. பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் கிருமி பரவினால் பல நேரம் இப்படித்தான் இருக்கும். எந்தக் கிருமி என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

முதலில் ரத்தம் எடுப்பார்கள். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் கால் லிட்டர்தான் என்பதால், 1 மில்லி எடுப்பதற்கே கை யோசிக்கும். அதைச் சத்துக் கரைசல் உள்ள பாட்டிலில் விட்டு இளஞ்சூட்டில் வைத்துவிட்டு, ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்று வழக்கமான மருந்துகளைத் தொடங்குவார்கள்.

அரிதாகச் சில பிள்ளைகளிடம் இவை பலிக்காது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா உள்ளே போயிருக்கலாம். நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். இதை 1912-இல் ரங்கூனிலிருந்து முதலில் விவரித்து எழுதியவர்கள் இருவர்: விட்மோர், கிருஷ்ணசாமி. நோய்க்கு 'விட்மோர் நோய்' என்றே இன்னொரு பெயர் நிலைத்துவிட்டது. கிருஷ்ணசாமியை யார் நினைக்கிறார்கள்?

சரி, பாட்டிலில் கிருமி பெருகிவிட்டது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால், இளஞ்சிவப்பில் குட்டிக் குச்சிகள். இரண்டு முனைகளில் மட்டும் சாயம் ஏறி நடுப்பகுதி வெளுத்திருக்கும், அசப்பில் மாட்டிய ஊக்கு மாதிரி. மற்ற சில கிருமிகளும் இப்படித் தெரியும் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. வளர்தட்டில் முதல் நாள் வழவழப்பான சின்னப் புள்ளிகள்தான். மூன்று நான்கு நாள் பொறுத்தால் அவை காய்ந்து சுருங்கி வரிவரியாக மடிப்பு விழும். மண்வாசனையும் வரும் என்பார்கள். ஆனால் மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கவே கூடாது, காற்றில் போனாலும் தொற்றும்.

சிக்கல் இங்கேதான். அவசரத்தில் 'சூடோமோனாஸ் வகை' என்று வேறொரு பாக்டீரியாக் குடும்பத்தின் பெயரை எழுதி அனுப்பிவிடுவது உண்டு. தானியங்கிக் கருவியும் சில நேரம் நெருங்கிய உறவுக் கிருமியின் பெயரைச் சொல்லும். காட்டிக்கொடுப்பவை, வளர்தட்டில் கிருமியின் மேல் வைக்கும் மருந்து தோய்ந்த சாதாரணக் காகித வில்லைகள். ஜென்டாமைசின், கோலிஸ்டின் வில்லைகளைச் சுற்றி பெரும்பாலும் கிருமி தாராளமாக வளர்ந்திருக்கும். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் வில்லையைச் சுற்றி மட்டும் வெற்று வட்டம். வலுவான மருந்துகளுக்கு அசையாதது இதற்கு அடங்குகிறது என்றால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். அப்புறம் லேடெக்ஸ் சோதனை (இந்தக் கிருமியோடு சேர்ந்தால் திரியும் நுண்மணிகள்) அல்லது பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) மூலம் உறுதிசெய்யலாம்.

பெயர் தெரிந்ததும் மருந்து மாறும். செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10–14 நாளாவது நரம்பு வழியாகப் போகும், பிறகு மாதக்கணக்கில் வாய்வழி மருந்து. கூடவே அம்மாச்சியிடம் கேள்விகள்: பிள்ளையைக் குளிப்பாட்டியது எந்தத் தண்ணீரில்? தாய்க்கு மார்பில் கட்டி, வலி ஏதாவது? ஆம் என்றால், ஆய்வகத்துக்கு அடுத்து வரும் மாதிரி தாய்ப்பால்.