ஸ்டேஜ் மனேஜர்: மேடை முகாமையாளர்

பல்கலைக்கழக நாடகத்துறையின் நிகழ்ச்சித் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். எழுத்துரு (நாடகப் பிரதி), நெறியாள்கை, இசை, ஒளியமைப்பு, வேட உடை, ஒப்பனை என்று எல்லாவற்றுக்கும் நல்ல தமிழ் இருக்கும். கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் ஆளுக்கொரு மாதிரி வரும். ஒருவர் 'மேடை நிர்வாகம்' என்று போடுவார், இன்னொருவர் 'அரங்க முகாமைத்துவம்' என்பார், தமிழ்நாட்டுப் புத்தகம் படித்தவர் 'மேடை மேலாளர்' என்பார். அவசரத்தில் அச்சிட்டவர் 'ஸ்டேஜ் மனேஜர்' என்றே விட்டிருப்பார்.

பெயர் இப்படிக் குழம்பினால் வேலையும் குழம்பும். மலையகத் தோட்டப் பாடசாலைகளில் 'நாடகமும் அரங்கியலும்' பாடத்தை எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகம் வருகிற பிள்ளைகளிடம் ஸ்டேஜ் மனேஜர் யார் என்று கேட்டால், "கதிரை தூக்கி வைக்கிறவர், சேர்" என்பார்கள். சிலர் திரை இழுக்கிறவர் என்பார்கள். அவர்கள் பார்த்ததை வைத்துச் சொல்கிறார்கள், பிழையில்லை. ஆனால் அது வேலையின் ஒரு நுனிதான்.

ஒத்திகையின் முதல் நாளிலிருந்து கடைசி அரங்காற்றுகை முடிந்து மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வரை நாடகத்தோடு கூடவே இருப்பவர் இவர். நெறியாளர் எடுத்த ஒவ்வொரு முடிவையும் எழுதி வைத்து, அது ஒவ்வொரு இரவும் அதே மாதிரி நடக்கச் செய்வது இவர் பொறுப்பு. முதல் காட்சி தொடங்கியபின் நெறியாளர் பார்வையாளரில் ஒருவர்தான். மேடை அந்த நேரத்திலிருந்து ஸ்டேஜ் மனேஜரின் சொல்லுக்குத்தான் நகரும்.

ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்ப்போம். 'ஸ்டேஜ்' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அடியில் இருப்பது 'நிற்றல்' என்ற பொருளுள்ள லத்தீன் வேர். 'மேனேஜ்' இத்தாலியிலிருந்து வந்தது, குதிரையைக் கையால் பழக்குவது அதன் பழைய பொருள். அதற்கும் அடியில் 'மனுஸ்', அதாவது கை, இருக்கிறது. நம் 'கையாளுதல்' என்ற சொல்லிலும் கை இருப்பது தற்செயல்தான். ஆனால் 'மேடைக் கையாளர்' என்று யாராவது மொழிபெயர்த்துவிடக் கூடாது. கையாள் என்றால் நம் பேச்சில் எடுபிடி. முதலாம் வருடப் பிள்ளைகளை ஏற்கெனவே அப்படித்தான் நடத்துகிறார்கள், பெயரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இங்கிலாந்திலேயே இந்தப் பெயர் ஒரே வேலையைக் குறித்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டேஜ் மனேஜர் என்றவர், இன்று நெறியாளர் செய்கிற வேலையில் பெரும்பகுதியையும் செய்தார். நெறியாள்கை தனி வேலையாகப் பிரிந்தது பிறகுதான். பிரிந்த பின்னும் அங்கே நெறியாளரைப் பல காலம் 'புரொடியூசர்' என்றே அழைத்தார்கள். ஆகவே பழைய நிகழ்ச்சித் தாள்களில் 'தயாரிப்பு' என்று கண்டால் பணம் போட்டவர் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஆட்டத்தைப் பழக்கியவராகவும் இருக்கலாம்.

இப்போது நம் பக்கம் வருவோம். பெயர் புதிது, வேலை புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடப்போகும் அரங்குக்கு அளவு சொல்லப்படுகிறது: 24 விரல் கொண்டது ஒரு கோல், அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். வாயில் இரண்டு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரை மூன்று வகை. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு, பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்கள் தாண்டிப் போகிற ஒரு வரி இருக்கிறது: 'தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து'. தூணின் நிழல் ஆடும் இடத்தில் விழாமல் வெளியே விழும்படி விளக்கை நிறுத்தினார்கள் என்பது பொருள். விளக்கை ஏற்றிப் பார்த்து, நிழல் விழுகிறதா என்று நடந்து பார்த்து, நகர்த்தி வைத்த ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். இளங்கோ அவருக்குப் பெயர் தரவில்லை. நிகழ்ச்சித் தாளில் இன்றைக்கும் பெயர் விடுபடுகிற ஆள் அவர்தான்.

மட்டக்களப்புக் கூத்தில் வேலைகளுக்குப் பெயரும் உண்டு, ஒழுங்கும் உண்டு. பாத்திரத்துக்கு உரிய பாட்டையும் வசனத்தையும் எழுதி ஆட்டக்காரரிடம் கொடுப்பது 'சட்டம் கொடுத்தல்'. வாரம் ஒருமுறை கூடி ஆடிப் பழகுவது 'கிழமைக் கூத்து'. பிறகு சதங்கை அணிதல், முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம். ஒத்திகைக் கால அட்டவணை என்று நாம் இன்று கணினியில் கட்டம் போட்டு அடிப்பதை இந்த வரிசை காலகாலமாகச் செய்திருக்கிறது. கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியாருக்குப் பக்கத்தில் ஏட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அடியெடுத்துக் கொடுப்பவர் ஏட்டண்ணாவியார். மேடை முகாமை படிக்க வருகிறவருக்கு நான் முதலில் காட்டும் ஆள் அவர்.

மலையகத்தில் இந்தப் பங்கு, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தில், கூத்து மாஸ்டரிடம் இருக்கிறது. மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றுவதில் தொடங்கி, பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரியும் வரை அவர் கணக்குத்தான். ரதி யார், மதன் யார், யார் காப்புக் கட்டி விரதம் இருப்பது, எந்த வேடம் எப்போது ஆடுகளமான காமன் பொட்டலுக்குள் நுழைவது எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். காகிதம் கிடையாது. தப்புப் பறையின் அடி மாறும், அடுத்த வேடக்காரர் தயாராகிவிடுவார். பாட்டு, ஆட்டம், நிர்வாகம் மூன்றும் ஒருவரிடமே இருப்பதால் மாஸ்டர் என்ற பெயரை ஸ்டேஜ் மனேஜருக்கு நேராக வைக்க முடியாது. அவர் நெறியாளரும்கூட.

அப்படியானால் எந்தச் சொல்? வேரின் பொருளை மட்டும் பார்த்தால் 'கண்காணி' மிகப் பொருத்தம். கண்ணால் கண்டு பார்த்துக்கொள்பவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவருக்கும் இந்தப் பெயர் உண்டு. ஒரு கருத்தரங்கில் தமிழ்ப் புலமையுள்ள ஒருவர் 'மேடைக் கண்காணி' என்று முன்மொழிந்தபோது அவையில் தலையாட்டியவர்கள் பலர். அதைப் பதுளையிலோ பொகவந்தலாவையிலோ சொல்லிப் பார்க்க வேண்டும். இங்கே அது கங்காணி. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்து மலையேற்றிக் கொண்டுவந்தவர், கடனில் கட்டிப்போட்டவர். தோட்டம் மாறினாலும் கடனைச் சுமந்து வந்த 'துண்டு' முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது, சொல்லின் கசப்பு ஒழியவில்லை. நடிகர்களின் நம்பிக்கையில் நடக்கிற ஒரு வேலைக்கு அந்தப் பெயரை வைக்கச் சொல்பவர், அகராதியைப் பார்த்த அளவுக்கு ஊரைப் பார்க்கவில்லை.

'நிர்வாகி' பொதுச்சொல், சங்கத்துக்கும் கடைக்கும் கோயிலுக்கும் பொருந்தும். 'மேலாளர்' தமிழ்நாட்டில் வங்கிக்குப் பழகிய சொல், 'மேல்' என்ற முன்னொட்டும் இங்கே உறுத்துகிறது. மேடை முகாமையாளர் யாருக்கும் மேலே இல்லை, பக்கவாட்டில் நிற்பவர்.

இலங்கைத் தமிழில் ஊறிய சொல் 'முகாமை'. தலைமை, பொறுப்பு என்ற பொருளில் வருவது. இதை 'முகாம்' என்பதோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் உண்டு. முகாம் அரபு வழியாக வந்து தங்குமிடத்தைக் குறிப்பது. அதற்கும் இதற்கும் உறவு தேட வேண்டியதில்லை. ஆனால் நம் அலுவலகத் தமிழ் முகாமையைச் சும்மா விடவில்லை, 'துவம்' சேர்த்து 'முகாமைத்துவம்' ஆக்கியது. 'மை' என்பதே பண்பையும் நிலையையும் காட்டும் ஈறு. தலைமைத்துவம், முகாமைத்துவம் இரண்டிலும் ஒரே வேலையை இரண்டு ஈறுகள் செய்கின்றன. பாடத்திட்டத்தில் ஏறிவிட்டதால் இனி இறக்குவது கஷ்டம் என்பது தெரியும். ஆனாலும் நிகழ்ச்சித் தாளில் 'மேடை முகாமை' என்று போட்டால் எதுவும் குறையாது, அச்சுக்கூலியும் மிச்சம்.

முன்பாதி மேடையா, அரங்கமா என்ற கேள்வி இருக்கிறது. மேடை, மேட்டிலிருந்து வந்தது, உயர்த்திய இடம். அரங்கு இன்னும் விரிந்தது. ஆற்றின் நடுவே உயர்ந்து நிற்கும் திட்டுக்கும் அரங்கு என்று பெயர், திருவரங்கம் அப்படிப்பட்ட இடம். இன்று அரங்கு என்றால் கட்டடம், கலை, பார்வையாளர் எல்லாம் சேர்ந்தது. எனவே 'அரங்க முகாமையாளர்' என்ற பெயரை மண்டபத்தைப் பொறுப்பெடுத்து நடத்துகிறவருக்கு விட்டுவிடலாம். காட்சியை நடத்துகிறவர் மேடை முகாமையாளர். பணம், லொறி, விளம்பரம், மண்டப முன்பதிவு, அனுமதிக் கடிதம், யார் எந்த நாளுக்குள் எதை முடிக்க வேண்டும் என்ற கணக்கு, இவையெல்லாம் தயாரிப்பு முகாமையாளருடையவை. மாணவர் நாடகங்களில் ஒரே பிள்ளை இரண்டையும் செய்து, காட்சி நேரத்தில் ஜெனரேட்டர்காரரோடு வாசலில் பேரம் பேசிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பெயர் தேவைப்படுவது அதற்காகத்தான்.

கற்பிக்கும்போது சொற்கள் எப்படி உழைக்கின்றன என்று பார்க்கலாம். மேடை முகாமையாளரின் உயிர் அவருடைய கொப்பி. எழுத்துரு ஒரு பக்கம், எதிரே வெறும் பக்கம். யார் எந்த வசனத்தில் எங்கே நகர்கிறார், எந்தச் சொல்லில் ஒளி மாறுகிறது என்பதெல்லாம் பென்சிலில் ஏறும். பேனை கூடாது, நெறியாளர் நாளைக்கு மாற்றுவார். ஆங்கிலத்தில் இதை 'புரொம்ப்ட் புக்' என்பார்கள். 'அடியெடுத்துக் கொடுக்கும் நூல்' என்று நீட்டி மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஏட்டண்ணாவியாரிடம் ஏடு என்ற சொல் இருக்கிறது, 'மேடை ஏடு' போதும். திசைகளுக்கு ஏற்கெனவே வகுப்பறைத் தமிழ் உண்டு: மேல்மேடை, கீழ்மேடை, வலம், இடம். வலமும் இடமும் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகருடையவை. மேல், கீழ் என்பது பின்பக்கம் உயர்ந்து சரிந்திருந்த பழைய ஐரோப்பிய மேடையிலிருந்து வந்தது. சரிவிலேயே பிறந்து நடந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க நேரம் எடுப்பதில்லை.

சிக்கல் வருவது கட்டளைச் சொற்களில். ஒளியும் ஒலியும் மாற வேண்டிய தருணத்துக்கு 'கியூ' என்று பெயர், இதற்கு 'குறிப்பு' என்று சொல்லிப் பழக்கலாம். முதலில் எச்சரிக்கை: "ஒளி 14, ஆயத்தம்." இயக்குகிறவர் திருப்பி "ஆயத்தம்" என்பார். பிறகு எண்ணை முன்னால் சொல்லி, தருணம் வந்ததும் கடைசிச் சொல்: "ஒளி 14, கோ." அந்தக் கடைசிச் சொல் காதில் விழுந்த நொடியில் விரல் அமுங்க வேண்டும். எனவே அது வேறு எந்தப் பேச்சிலும் வரக்கூடாது. இதைத் தமிழாக்கி 'போ' என்று வைத்துப் பார்த்தோம். ஒத்திகையில் ஹெட்செட்டில் ஒரு மாணவி சொன்னார், "இப்போ வேணாம், பொறுங்க." கரகரத்த இணைப்பில் எதிர்முனைக்குக் கேட்டது 'போ' மட்டும். துக்கக் காட்சியின் நடுவில் மேடை பளீரென்று விடிந்துவிட்டது. இப்போ, அப்போ, எப்போ என்று நம் பேச்சில் 'போ' எங்கும் கிடக்கிறது. மலையகப் பேச்சில் 'கோ' அந்த அளவுக்கு வருவதில்லை. இந்த ஒரு இடத்தில் கடன்சொல்லை வைத்துக்கொள்வதே புத்தி. தமிழ்ப்பற்று விளக்கு மேசையில் உட்காரக் கூடாது.

நேரம் கூப்பிடுவதில் இன்னொரு வேடிக்கை. பிரித்தானிய மரபில் 'அரை மணி' என்ற அழைப்பு காட்சிக்கு 35 நிமிடத்துக்கு முன் வரும். 'கால் மணி' 20 நிமிடத்துக்கு முன், 'ஐந்து' 10 நிமிடத்துக்கு முன். கணக்குப் பிழையல்ல. முதல் காட்சி நடிகர்கள் மேடைக்கு வந்து நிற்க வேண்டியது தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்பு, எல்லா அழைப்பும் அந்த நேரத்தை நோக்கிக் கணக்கிடப்படுகிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பிரட்டு மாதிரி, பிந்தினால் பேர் விழாது. ஒரு தடவை அப்படிச் சொன்னதும் பிந்தி வருவது நின்றுவிட்டது.

மலைநாட்டில் மேடை ஏட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதச் சொல்வது மழை. தகரக் கூரை மண்டபத்தில் பின்னேரம் நாலு மணிக்கு மேல் மழை பிடித்தால் எந்த நடிகரின் குரலும் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. காட்சியை நிறுத்துவதா, இசையை ஏற்றுவதா, இடைவேளையை முன்னால் இழுப்பதா என்பதை நெறியாளரோடு முன்கூட்டியே பேசி எழுதி வைக்க வேண்டும். பேராதனைத் திறந்தவெளி அரங்கில் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசரமான பக்கம். மின்வெட்டு, பனியில் வழுக்கும் மரப்பலகை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பவையும் அதே பக்கத்தில் வரும். கடைசி பஸ்ஸை எழுதாத முகாமையாளரின் நாடகத்தில் இறுதிக் காட்சியைப் பாதி வெற்றுக் கதிரைகள்தான் பார்க்கும்.

உதவியாளருக்கு 'உதவி மேடை முகாமையாளர்' என்று முழுப் பெயர் தாளில் போட்டால் போதும். பேச்சில் எல்லோரும் ஏ.எஸ்.எம். என்றே சொல்கிறார்கள், அதைத் திருத்த வேண்டியதில்லை. திருத்த வேண்டியது பதில் சொல்லும் பழக்கம். "பத்து நிமிசம்!" என்று அழைப்புக் கொடுக்கிற அக்கா கூப்பிட்டால் ஒப்பனை அறையிலிருந்து "சரி" என்று மட்டும் வரக்கூடாது, "சரி, பத்து" என்று எண்ணோடு வர வேண்டும்.