மழைக்கான கார் டயர்: சட்டம் தருவது எது, கடையில் கோட்டைவிடுவது எது

டயர் கடையில் ஐந்து நட்சத்திர ஸ்டிக்கரைக் காட்டி, "மழைக்கு இதுதான் சார் பெஸ்ட், கவர்ன்மெண்டே ஸ்டார் கொடுத்திருக்கு" என்று சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த நட்சத்திரம் எரிபொருள் சிக்கனத்துக்கானது. டயர் உருளும்போது எவ்வளவு சக்தி வீணாகிறது என்று பார்த்துத் தருவது. நனைந்த தார்ச்சாலையில் பிரேக் அடித்தால் வண்டி எங்கே போய் நிற்கும் என்பதை அது சொல்லாது. குடும்பத்தோடு ஐப்பசி அடைமழையில் ஊருக்குப் போகிறவர் கவலைப்படுவது பெட்ரோலைப் பற்றி அல்ல. அவரிடம் இந்த ஸ்டிக்கரைக் காட்டி விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரமாக வருகிறது.

ஈரப்பிடிப்புக்கு, அதாவது நனைந்த சாலையை டயர் பற்றிக்கொள்வதற்கு, தனியாக ஒரு விதி இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் மோட்டார் வாகன விதிகளின் 95-ஆம் விதியைத் திருத்தியது. கார், வேன், லாரி, பஸ் டயர்கள் ஏஐஎஸ் 142 என்ற தரப்படி ஈரப்பிடிப்புச் சோதனையில் தேற வேண்டும். புது வடிவ டயர்களுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே இருந்த வடிவங்களுக்கு 2023-இலிருந்தும் இது கட்டாயம். பின்னணி இவ்வளவு போதும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். இந்த விதி தேர்ச்சியை மட்டும் பார்க்கிறது, மதிப்பெண்ணைச் சொல்வதில்லை. 35 வாங்கியவனும் 95 வாங்கியவனும் ஒரே 'பாஸ்' சான்றிதழோடு வரிசையில் நிற்பது போலத்தான். ஐரோப்பாவில் ஒவ்வொரு கார் டயரோடும் வரும் லேபிளில் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் போட்டிருக்கும். இங்கே சோதனை செய்த எண் கம்பெனியிடம் இருக்கிறது, காசு கொடுக்கும் நம் கண்ணில் மட்டும் படாது. அதை லேபிளில் அச்சடிக்கச் சொல்ல என்ன தயக்கம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

அதனால் டயரின் பக்கச் சுவரை நீங்களே படியுங்கள். கடைக்காரரிடம் டயரைக் கீழே இறக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சை அடித்து, சுற்றிலும் பாருங்கள். முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை. இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு, இறக்குமதி ஆனாலும், அது கட்டாயம். அதோடு இருக்கும் உரிம எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து, வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும், பக்கத்தில் நீளமான எண்ணும் பல டயர்களில் இருக்கும். அந்த எண்ணின் கடைசிப் பகுதியில் வரும் எழுத்துகளில் 'டபிள்யூ' இருந்தால் சர்வதேச ஈரப்பிடிப்புச் சோதனையில் தேறியது என்று அர்த்தம். இதுவும் பாஸ் மட்டும்தான்.

ஓரளவு தரம் பிரித்துச் சொல்வது 'டிராக்‌ஷன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து. அமெரிக்க முறையில் போடுவது. நம் ஊர் டயர்கள் பலவற்றிலும் இருக்கும். ஏஏ முதலிடம், அப்புறம் ஏ, பி, சி. நனைந்த தளத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடித்து அளந்தது. வளைவில் வழுக்குமா, தேங்கிய தண்ணீரில் மிதக்குமா என்பதை இது சொல்லாது. இருந்தாலும் ஒரே விலையில் ஏ-யும் பி-யும் கிடைத்தால் பி-யை எடுக்க ஒரு காரணமும் இல்லை. பக்கத்திலேயே தேய்மானத்தைக் குறிக்கும் 'டிரெட்வேர்' எண் இருக்கும். "நாலு வருஷம் ஓடும்" என்று அந்தப் பெரிய எண்ணைக் காட்டித்தான் விற்பார்கள். நீண்ட நாள் உழைக்கச் செய்த கெட்டி ரப்பரில் ஈரப்பிடிப்பு பெரும்பாலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கும். தயாரிப்பு வாரம் நான்கு இலக்கம்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். குடோனில் கிடந்து ரப்பர் இறுகிய டயரைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவது வழக்கமான வேலை. பட்டன், அதாவது சாலையைத் தொடும் பள்ளம் வைத்த ரப்பர், புத்தம் புதிதாக இருக்கும், பிடிப்பு இருக்காது.

அடுத்த பொறி 1.6 மில்லிமீட்டர். 94-ஆம் விதிப்படி கார் டயரின் பட்டன் ஆழம் இதற்குக் கீழே போகக் கூடாது. இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. பள்ளத்துக்குள் சின்ன மேடு மாதிரி இருக்கும் தேய்மான அடையாளத்தைப் பட்டன் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் 1.6 என்பது சட்டம் சகித்துக்கொள்ளும் கடைசி எல்லை. மழைக்குப் போதும் என்று யாரும் சொன்ன அளவு அல்ல. பள்ளத்தின் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே அந்த வேலை தடுமாறத் தொடங்குகிறது. எஃப்.சி.யில் தேறிய வண்டி என்று நிம்மதியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 90-இல் போகிற வாடகைக் கார்க்காரர்களிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இன்னொன்று, பழைய மொட்டை டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டி 'செகண்ட்ஸ்' என்று விற்பார்கள். அதைத் தொடாதீர்கள். வெட்டிய இடத்தில் உள்ளே இருக்கும் கம்பிக்கும் சாலைக்கும் நடுவே ரப்பரே மிச்சமிருக்காது.

சரி, வாங்கிய புது டயர் மழையில் வழுக்குகிறது, அல்லது பக்கவாட்டில் புடைத்துவிட்டது. இப்போதுதான் அலைச்சல். புது காரோடு வந்த டயர் என்றால் ஷோரூம்காரர் "டயர் கம்பெனியைப் பாருங்க" என்பார். டயர் டீலர் "இன்ஜினியர் வந்து பார்க்கணும், டயரைக் கழட்டி வச்சிட்டுப் போங்க" என்பார். பத்து நாள் கழித்து 'அடிபட்ட சேதம்' அல்லது 'காத்து குறைவாக ஓட்டியது' என்று ஒற்றை வரியில் கிளெய்ம் தள்ளுபடி. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டால் டயர் விற்பனை எங்கள் வேலை இல்லை என்பார்கள். மாதத் தவணையில் கார் வாங்கி ஓட்டுகிறவர் ஒருவர், வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இப்படி வாசல் வாசலாக நடந்தே ஓய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் கடன் வாங்கிப் புது டயர் போட்டார். அவர் கையில் பில் இல்லை. ஜிஎஸ்டி இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று கடையில் சொன்னதை நம்பியதன் விலை அது.

பில்லை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய வரிக் கதை சொல்லி மிச்சப்படுத்தித் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். பில்லில் டயரின் பெயர், அளவு, வரிசை எண் மூன்றும் இருக்க வேண்டும். பில் தர மறுப்பதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. கிளெய்முக்கு டயரைக் கொடுக்கும்போது எழுத்தில் ரசீது வாங்குங்கள், புடைப்பைப் படம் எடுங்கள். தள்ளுபடி ஆனால் டயரைத் திரும்ப வாங்கி வீட்டில் வையுங்கள். நுகர்வோர் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னால் அனுப்புவதற்குப் பொருள் வேண்டும். 'பிடிப்பு போதவில்லை' என்ற புகாரை மட்டும் எந்த வாரண்டியும் எளிதில் ஏற்காது. அது உற்பத்திக் குறை அல்ல என்று முடித்துவிடுவார்கள். வாங்கும் முன் பக்கச் சுவரைப் படிக்கச் சொல்வது அதனால்தான்.

இன்சூரன்ஸிலும் எதிர்பார்ப்பு வேண்டாம். வழக்கமான கார் பாலிசியில் டயர் மட்டும் கெட்டால் ஒன்றும் கிடைக்காது. விபத்தில் வண்டியோடு சேர்ந்து கெட்டால் டயர் விலையில் பாதி. வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பாலிசியில் இருக்கிறது. சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் மொட்டை டயரைப் படம் எடுத்தால் முழு கிளெய்முக்கும் தகராறு கிளம்பும்.

புகாருக்கு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் அது நீதிமன்றம் அல்ல, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பேசி முடிக்கப் பார்க்கும். "பிராசஸில் இருக்கிறது" என்ற குறுஞ்செய்தியை நம்பிக் காத்திருந்தால் காலம் ஓடிவிடும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போட வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடச் சட்டம் இடம் தருகிறது. "ஜூரிஸ்டிக்‌ஷன் இங்கே இல்லை" என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவைக் காட்டுங்கள். கடைக்காரர், கம்பெனி இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால், வந்தவர் வராதவர் மேல் பழியைப் போட்டுவிடுவார்.