தைலம்: சொல்லுக்குள் இருக்கிற எள்

தைலத்துக்குத் தூய தமிழ்ச் சொல் என்ன என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: எண்ணெய். கேட்டவருக்கு அது சப்பென்று போய்விடும். எண்ணெய் வடைச்சட்டியில் கொதிப்பது, தைலம் முட்டி வலிக்குத் தேய்ப்பது, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்பார்கள். ஆனால் பிறப்பு ஒன்றுதான். சமஸ்கிருதத்தில் திலம் என்றால் எள், அதிலிருந்து வந்தது தைலம். தமிழில் எள் + நெய் = எண்ணெய். அந்தக் காலத்தில் நெய் என்றால் பசு நெய் மட்டுமல்ல, எண்ணெய்ப் பசையுள்ள எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். போகப் போக எள்ளை மறந்துவிட்டுத் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்று ஆரம்பித்து மண்ணெண்ணெய் வரைக்கும் போய்விட்டோம், கடைசியில் எள்ளில் ஆட்டியதற்கே நல்லெண்ணெய் என்று தனிப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று. (ஆங்கிலத்து ஆயிலும் இதே கதைதான், அது ஆலிவ் காயிலிருந்து வந்த சொல்.) சித்த மருத்துவம் உள்மருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறதே, அந்த வரிசையிலும் எண்ணெய் என்றுதான் இருக்கிறது.

சரி, அப்படியானால் தைலம் என்றே எழுதிவிட்டுப் போனால் என்ன? போகலாம்தான். சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சரக்கு இருக்கிறது.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் கடைக்குக் கடை விற்கிற நீலகிரித் தைலம் ஒன்று. யூகலிப்டஸ் இலையை ஆவியில் வேக வைத்து, அந்த ஆவியைக் குளிர வைத்துப் பிடிப்பது. அந்த மரத்துக்கே தைல மரம் என்று பெயர் வந்துவிட்டது. உண்மையில் இது சமையல் எண்ணெய் மாதிரியான எண்ணெய் அல்ல, காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் சுவடே இல்லாமல் பறந்துவிடும். செக்கில் ஆட்டியதை அப்படி விட்டுப் பாருங்கள், கறை போகவே போகாது. சின்ன டப்பாவில் வருகிற தலைவலித் தைலம் இன்னொன்று. அது மெழுகுப் பசையில் கற்பூரமும் புதினா உப்பும் (மெந்தால்) கலந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் நம் வீட்டுச் சரக்கு. காங்கேயம் பக்கத்தில் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) நொச்சித் தழையையும் வாதநாராயணன் தழையையும் இடித்துச் சாறு பிழிந்து, நல்லெண்ணெயும் கொட்டமுத்து எண்ணெயும் ஊற்றிச் சிறுதீயில் காய்ச்சுவார். கொட்டமுத்து என்றால் ஆமணக்கு. அந்த எண்ணெய் செக்கில் ஆட்டியதல்ல, முத்தை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்க விட்டு மேலே மிதப்பதை அள்ளியது. அடியில் தங்கும் வண்டலை விரலில் உருட்டினால் மெழுகு மாதிரி திரள வேண்டும், அது மெழுகுப் பதம். மணலாக உதிர்ந்தால் மணற்பதம். வண்டலைத் துளி எடுத்து நெருப்பில் போட்டுச் சடசடவென்று சத்தம் வந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

காய்ச்சும்போது தெருமுனை வரைக்கும் நொச்சி மணக்கும். அந்த மணம் எண்ணெயை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிற மணம். ஆவியாகிற சத்து பெருமளவு காற்றோடு போய்விடும், தண்ணீரில் கரைவது பெரும்பாலும் வண்டலோடு போகும், எண்ணெயில் கரைவதுதான் மிஞ்சும். ஆகவே ஆவியில் வடித்த நொச்சி எண்ணெய் எலியின் வீக்கத்தைக் குறைத்தது என்று ஒரு ஆய்வு சொன்னால், அதை அம்மிச்சியின் சட்டிக்குச் சான்றாகக் காட்ட முடியாது. 'நொச்சித் தைலம் நிரூபிக்கப்பட்டது' என்று போட்டுவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கிற கேரஜீனன் என்ற பொருளை எலியின் பின்னங்காலில் ஊசியால் ஏற்றுவார்கள். கால் வீங்கும், அடுத்த சில மணி நேரத்துக்கு வீக்கத்தை அளந்துகொண்டே வருவார்கள். 1962 முதல் புழக்கத்தில் இருக்கிற முறை. வலிக்கு வேறு சோதனை, சூடான தட்டில் எலியை விட்டு எத்தனை விநாடியில் பாதத்தை நக்குகிறது என்று பார்ப்பது. வீக்கம், சிவப்பு, சூடு, வலி நான்கும் சேர்ந்ததற்குத் தமிழில் அழற்சி என்று பெயர். அழல் என்றால் நெருப்பு. ஊரில் 'காந்துதுங்க' என்று சொல்கிறோமே, அதே நெருப்புதான்.

இந்தச் சோதனையில் மருந்தெண்ணெயை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். ஒன்றும் தடவாத எலியோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் எனக்கு அது போதாது. நல்லெண்ணெயிலேயே செசமின், செசமால் என்று சத்துகள் உண்டு, அவை அழற்சியைத் தணிப்பதாகத் தனியாக ஆய்வுகள் இருக்கின்றன. ஆகவே மூலிகை போடாமல், அதே நல்லெண்ணெயை அதே நேரம் காய்ச்சி, இன்னொரு கூட்டத்துக்குத் தடவிப் பார்த்தாக வேண்டும். எள்ளைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நொச்சியின் வேலை. மனிதர்களில் இன்னும் கஷ்டம், நீவிவிட்டாலே பாதி வலி குறையும், அது போதாதென்று எது மருந்து எது வெறும் எண்ணெய் என்பதை வாசனையே காட்டிக் கொடுத்துவிடும்.

எழுதும்போது நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: காய்ச்சியது மருந்தெண்ணெய், ஆவியில் பிடித்தது வடித்த எண்ணெய், டப்பாவில் வருவது பசை. வாதகேசரித் தைலம் மாதிரி பெயரோடு ஒட்டிப்போனதை மாற்றுவதில்லை. அம்மிச்சி வாயில் தைலம் என்ற சொல் டப்பாவுக்கு மட்டும்தான் வரும், தான் காய்ச்சியதை 'எண்ணெ' என்பதைத் தாண்டி வேறு எதுவும் சொன்னதில்லை.